முதலில் தட்ட வேண்டிய கதவு எது?
மனநலச் சிகிச்சையும் புனே நகரின் அனுபவமும்

புனே நகரின் மேற்கு ஓரத்தில், மும்பையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாணேர் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. வயல்களும் சிறு குன்றுகளும் சூழ்ந்த கிராமமாக இருந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டில் புனே மாநகராட்சியின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. அண்மையிலுள்ள ஹிஞ்சவாடியில் கணினித் தொழிற் பூங்கா எழுந்த பின்னர், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி இங்கு வந்து குடியேறினர். தமிழ்நாட்டினின்று வந்தோரும் இவர்களுள் உளர். பெற்றோர் தொலைவில் இருக்கின்றனர். அண்டை வீட்டாரின் மொழி வேறு. வேலை நேரமோ இரவு பகல் என்னும் பேதம் இன்றி நீளுகிறது.

இத்தகைய இளைஞர் ஒருவருக்குச் சில வாரங்களாக உறக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உணவில் விருப்பம் இல்லை. முன்னர் மகிழ்ச்சியளித்த எதுவும் இப்போது மனத்தைத் தொடவில்லை. தலைவலி என்று மருந்துக் கடைக்குச் செல்கிறார், மாத்திரை கிடைக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று ஒரு வைத்தியரிடம் செல்கிறார்; வேறொரு மாத்திரை கிடைக்கிறது. ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும்படி கூறுகிறார். உடன் வேலை செய்யும் நண்பர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். இவற்றுள் எதுவும் தீங்கான யோசனையன்று. எனினும், மனத்தில் ஏற்பட்ட நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதும், அச்சிகிச்சை அளிப்போர் இதே நகரில் இருக்கின்றனர் என்பதும், பல மாதங்கள் கழிந்த பின்னரே அவருக்குத் தெரிய வருகின்றன. நோயைக் காட்டிலும் இக்காலதாமதமே மிகுந்த கேட்டை விளைவிக்கிறது எனலாம்.

இது ஒருவருக்கு மட்டும் நேரும் அனுபவமன்று. 2015-16-ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையம் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு விரிவான ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு வகை மனநோயால் துன்புறுகின்றனர் என்பது அவ்வாய்வின் முடிவு. மனச்சோர்வு, அளவு கடந்த அச்சம் போன்ற பொதுவான நோய்களை உடையவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை. மகாராஷ்டிரம் அப்பன்னிரண்டு மாநிலங்களுள் ஒன்றன்று, தமிழ்நாடு ஒன்று. பெருநகரங்களில் இந்நோய்கள் கிராமங்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன என்பது, நகரத்தில் வசதிகள் மிகுதி என்று கருதுவோர் கவனிக்கத்தக்கது.

எரவாடாவும் அதற்கு அப்பாலும்

புனே நகரில் மனநோய் என்றவுடன் பொதுமக்கள் நினைவுக்கு வருவது எரவாடா. அங்குள்ள புகழ் பெற்ற சிறைச்சாலையுடன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அரசாங்க மனநோய் மருத்துவமனையும் இருப்பதே இதற்குக் காரணம். தாணா, நாகபுரி, ரத்தினகிரி ஆகிய இடங்களில் உள்ளவற்றையும் சேர்த்து மகாராஷ்டிர அரசாங்கம் நடத்தும் நான்கு வட்டார மனநோய் மருத்துவமனைகளுள் இதுவே மிகப் பெரியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளுக்கு அனுமதி பெற்றது. நம் நாட்டில் சென்ற தலைமுறையினர் 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரை எவ்வாறு ஏளனச் சொல்லாக வழங்கினரோ, அவ்வாறே அங்கு 'எரவாடா' என்னும் பெயரும் வழங்கி வந்தது. ஊர்ப்பெயர் வசைமொழியாகிவிட்டால், உறக்கம் இல்லாத ஓர் இளைஞர் அதன் வாயிலை நாடாதது வியப்பன்று. உண்மையில், படுக்கையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நோயாளிகள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து செல்லும் சிகிச்சையே போதுமானது.

இவ்வச்சத்தைப் போக்கும் முயற்சிகள் பல இந்நகரிலேயே தோன்றின. 1867-இல் தாவீது சஸூன் என்னும் வணிகரின் நன்கொடையைக் கொண்டு நிறுவப்பட்ட சஸூன் பொது மருத்துவமனையில், ஏனைய நோய்களுக்குரிய பிரிவுகளோடு ஒன்றாக மனநோய்ப் பிரிவும் இயங்குகிறது. பொது மருத்துவமனைக்குச் செல்பவர் காய்ச்சலுக்குச் செல்கிறாரா, மனக்கவலைக்குச் செல்கிறாரா என்பதை வழியில் செல்வோர் அறியார். இது சிறிய வசதியாகத் தோன்றலாம். ஆனால் பலரை முதன்முறையாக மருத்துவமனைப் படியேறச் செய்வது இவ்வசதியே. இங்குப் பேராசிரியராக இருந்த டாக்டர் மோகன் அகாஷே, மராத்தி நாடக மேடையிலும் திரைப்படங்களிலும் புகழ் பெற்ற நடிகருமாவார். சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் ஆகிய இருவரும் 2004-இல் 'தேவ்ராய்' என்னும் மராத்திப் படத்தில் மனச்சிதைவு நோயாளி ஒருவரின் வாழ்க்கையைச் சித்திரித்தனர். அவர்களே இயக்கிய 'காசவ்' மனச்சோர்வுற்ற இளைஞன் ஒருவனைப் பற்றியது. 2016-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்ய இயலாத காரியத்தை ஒரு நல்ல படம் செய்துவிடுகிறது.

எரவாடா மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் அனிதா அவசட்டும், அவருடைய கணவரும் எழுத்தாளருமான அனில் அவசட்டும் 1986-இல் 'முக்தாங்கண்' என்னும் போதை மறப்பு நிலையத்தைத் தொடங்கினர். மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயும் அவர் மனைவி சுனிதாவும் இதற்குப் பொருளுதவி செய்தனர். மனச்சிதைவு நோயை இல்லத்திலேயே நேரிற் கண்ட பேராசிரியர் ஜகந்நாத் வாணி, நோயாளிகளின் குடும்பத்தாருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். நோயாளியைக் கவனிப்பவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு அச்சங்கம் இடமளித்தது. பார்கவி தாவர் என்னும் அறிஞர் தம் தாயார் மனநோய் விடுதிகளில் பட்ட துன்பத்தை இளமையில் கண்டவர். தாயாரின் பெயராலேயே 1999-இல் 'பாபு டிரஸ்ட்' என்னும் ஸ்தாபனத்தை அமைத்தார். புனே நகரின் குடிசைப் பகுதிகளில் வீடுவீடாகச் சென்று, மருந்து ஒன்றையே நம்பாமல், பேச்சு, கலை, அண்டை அயலாரின் துணை ஆகியவற்றைக் கொண்டு உதவுவது அதன் முறை. 2024-இல் அவர் காலமானார்.

யார் யார், எதற்கு?

உதவி தேடுவோரைக் குழப்பும் முதல் தடை பெயர்ப்பலகைகளே. மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு, ஆலோசகர் வேறு. மூன்றாமவரை ஆங்கில வழக்கில் 'கவுன்சிலர்' என்கின்றனர். கவுன்சிலரைப் பார்க்கும்படி கூறியதும் நகரசபை உறுப்பினரின் வீட்டை விசாரிப்போரும் உண்டு! ஆகவே களப்பணியாளர் இவ்வேறுபாடுகளைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.

மனநல மருத்துவர் என்பவர் முதலில் எம்.பி.பி.எஸ். தேறி, பின்னர் மனநோய்த் துறையில் எம்.டி., டி.என்.பி., டி.பி.எம். ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்றவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் இவரே. மருத்துவ உளவியலாளர் டாக்டர் அல்லர், மருந்து தரமாட்டார். உளவியலில் மேற்பட்டம் பெற்று, மருத்துவமனையில் பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்துகொண்டவர். பேச்சின் வாயிலாக அளிக்கப்படும் சிகிச்சையில் இவர் தேர்ச்சியுடையவர். பதிவெண் யாது என்று இவரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று. முறையான பதிவுடையவர் அதைத் தயக்கமின்றித் தெரிவிப்பார். ஆலோசகர் என்னும் பெயரை மட்டும் நெடுங்காலம் எவரும் சூடிக்கொள்ள முடிந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பயின்றவரும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெற்றவரும் ஒரே பலகையை மாட்டினர். 2021-இல் பாராளுமன்றம் இயற்றிய துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் இவர்களையும் ஓர் ஒழுங்கின்கீழ்க் கொணர வகை செய்தது. எனினும், படிப்பு யாது, எங்கே பயிற்சி பெற்றார், எத்தகைய துன்பங்களுக்கு உதவி செய்து பழக்கம் என்று கேட்டறிவது இன்றும் அவசியமே.

இவர்களுள் எவரிடம் முதலில் செல்வது? தன் எண்ணத்துக்கும் உலகத்துக்கும் தொடர்பற்றுப் போதல், பிறர் காதில் விழாத குரல்களைக் கேட்டல், பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் இருத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை தோன்றினால் மனநல மருத்துவரிடமே செல்ல வேண்டும், தாமதம் கூடாது. துயரம், அச்சம், குடும்பப் பூசல், வேலை நெருக்கடி ஆகியவற்றால் வருந்துவோர் உளவியலாளரிடம் தொடங்கலாம். எது என்று விளங்காத இடத்தில், வழக்கமாகக் காணும் குடும்ப வைத்தியரிடம் செல்வதில் தவறில்லை. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் குறைபாடும், இரத்தச் சோகையும், வைட்டமின் பி-12 பற்றாக்குறையும் மனச்சோர்வைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கக் கூடும். எளிய இரத்தப் பரிசோதனையினால் இவற்றைக் கண்டறியலாம்.

முதற் சந்திப்பிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்துச் சென்று, ஏமாற்றத்துடன் திரும்புவோர் பலர். மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வாய் உலர்தல், குமட்டல் போன்ற சிறு தொல்லைகள் முதலில் தோன்றுவதும், நன்மை பின்னர் தோன்றுவதும் இம்மருந்துகளின் இயல்பு. இதை முன்கூட்டியே கூறாவிடில், நோயாளி பத்து நாளில் மருந்தை நிறுத்திவிடுவார். குணமடைந்தவுடன் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் அவ்வளவே தீங்கானது. பேச்சுச் சிகிச்சையோ, பெரும்பாலும் வாரம் ஒரு முறை முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம் என்று சில மாதங்கள் நடைபெறுவது. சில சந்திப்புகளுக்குப் பின்னும் சிகிச்சை அளிப்பவருடன் மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரை நாடலாம். செருப்புக் கடையில் முதல் ஜோடி பொருந்தாததால் வெறுங்காலுடன் நடப்பார் இல்லை.

மொழி ஒரு முக்கியமான விஷயம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுபவரும், தம் துயரத்தைத் தாய்மொழியில் அன்றி உரைக்க முடியாமற் போகலாம். 'நெஞ்சு அடைக்கிறது', 'மனசு பாரமாக இருக்கிறது' என்பவற்றை மொழிபெயர்த்தால் இதய நோய் நிபுணரிடம் அனுப்பப்படும் அபாயமும் உண்டு. பாணேரில் வாழும் தமிழர் ஒருவர், தொலைபேசி அல்லது காணொளி வாயிலாகத் தமிழ் பேசும் உளவியலாளரை நாடுவது இப்போது எளிதாகியுள்ளது.

செலவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் நிலையங்களில் ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் வாங்குவது நகரங்களில் சாதாரணம். மாதம் நான்கு முறை என்றால், நடுத்தரக் குடும்பத்துக்கே இது சுமை. கூலி வேலை செய்வோருக்கு எட்டாத தொகை. ஆகையால் அரசாங்க மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளும், மருத்துவக் கல்லூரிகளும், 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும் முக்கியத்துவம் பெறுகின்றன. 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த சோதனையை முன்மாதிரியாகக் கொண்ட இத்திட்டம், நாட்டில் எழுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இதை முதலில் பெற்ற மாவட்டம் திருச்சிராப்பள்ளி.

சட்டம் அளிக்கும் உரிமை

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29-ஆம் நாள் அமுலுக்கு வந்தது. புனே சட்டக் கல்லூரியை நடத்தும் இந்தியச் சட்டச் சங்கத்தின் மனநலச் சட்ட ஆய்வு மையமும், அதன் தலைவர் டாக்டர் சௌமித்ர பதாரேயும் இச்சட்டம் உருவாவதில் பங்கு கொண்டனர் என்பது அந்நகருக்குப் பெருமை தருவதாகும். அரசாங்கம் நடத்தும் அல்லது பொருளுதவி செய்யும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று இச்சட்டம் கூறுகிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்க வேண்டும்; வேலை கொடுத்தவர் கேட்டாலும், சட்டம் குறிப்பிடும் விலக்குகள் நீங்கலாக, கொடுத்தல் ஆகாது. உடல் நோய்க்கு உள்ளதைப் போன்றே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் வசதி இருக்க வேண்டும். நாளை தாம் தெளிவிழந்தால் எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை இன்றே எழுதி வைக்கவும் உரிமை உண்டு.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தாமல், கடுமையான மன நெருக்கடிக்கு உள்ளானவராகக் கருதிச் சிகிச்சையளிக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில், அரசாங்க ஊழியரை வற்புறுத்தும் நோக்கத்துடன் செய்வது தவிர, தற்கொலை முயற்சி குற்றமாகக் கூறப்படவில்லை. போலீஸ் வழக்குக்கு அஞ்சி, உயிர் பிழைத்தவரை வீட்டில் மறைத்து வைக்கும் வழக்கம் இன்னும் கிராமங்களில் உள்ளது. இனி அவ்வச்சத்துக்கு இடமில்லை என்பதைக் களப்பணியாளர்கள் வாய்ப்பு நேரும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

நிபுணர் இல்லாத இடத்தில்

இந்தியாவில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருக்கும் சிலரும் பெரிய நகரங்களிலேயே இருக்கின்றனர். இந்நிலையில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே பேச்சுச் சிகிச்சையின் ஒரு பகுதியை அளிக்க இயலுமா என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை காணும் சோதனைகள் கோவாவில் நடைபெற்றன. சங்காத் என்னும் ஸ்தாபனம், மருத்துவத் துறையைச் சாராத பட்டதாரிகளுக்குச் சில வாரப் பயிற்சி அளித்து, அவர்களை இருபத்து நான்கு மருத்துவ நிலையங்களில் அமர்த்தியது. 2010-இல் வெளியான முடிவு சுவையானது: அரசாங்க நிலையங்களுக்கு வந்த நோயாளிகள் தெளிவான நன்மை அடைந்தனர், தனியார் வைத்தியர்களிடம் வந்தவர்களிடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் நடந்த மற்றொரு சோதனையில், கடும் மனச்சோர்வுற்றவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, அவர்கள் கைவிட்ட அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கச் செய்யும் முறையும் வெற்றி பெற்றது. ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் மருத்துவ நிலைய வளாகத்தில் பெஞ்சிப் பலகையில் அமர்ந்து துன்புறுவோரின் குறையைக் கேட்பவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். அங்கும் பலன் நிரூபிக்கப்பட்டுள்ளது.

புனே சட்ட ஆய்வு மையம் நாசிக் மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் குஜராத்தின் மேசானா மாவட்டத்துக்கு விரிவாக்கிய 'ஆத்மீயதா' என்னும் திட்டமும் இவ்வழியைப் பின்பற்றியதே. கிராமத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேர்ந்து பயிற்சி அளிக்கின்றனர். அவர் துன்புறுவோரைச் சில முறை சந்தித்துப் பேசுகிறார். நோய் கடுமையாயின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். முதியோர் உதவிப் பணம், விதவை உதவிப் பணம் போன்றவை கிடைக்கவும் வழி செய்கிறார். உதவிப் பணத்துக்கும் மனநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கடனும் பசியும் உறக்கத்தைக் கெடுப்பவை என்பதை அறிந்தோர் அவ்வாறு கேளார்.

ஆசிரியர்களுக்கு இதில் தனி இடம் உண்டு. நாள்தோறும் மாணவரைக் காண்பவர் அவரே. நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குதல், நண்பர்களை விட்டு விலகுதல், காரணம் தெரியாத வயிற்றுவலியால் அடிக்கடி விடுப்பு எடுத்தல், வகுப்பில் உறங்குதல் ஆகியவற்றைச் சோம்பல் என்று முடிவு செய்து தண்டிப்பதற்கு முன், தனியே அழைத்து, 'தம்பி, சில நாளாக நீ பழையபடி இல்லையே, என்ன விஷயம்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வராவிடினும் பாதகமில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்கலாம். பெற்றோரிடம் பேசும்போது, 'உங்கள் பிள்ளைக்கு மனநோய்' என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். 'அம்மா, பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. ஒரு முறை டாக்டரிடம் காட்டுவோம்' என்பது போதும்.

உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்டால், இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகுமே என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் ஆதாரமற்றது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்பவரிடம் மனம் திறந்த பின் பாரம் குறைவதே பெரும்பாலும் காணப்படுகிறது. உண்டு என்று பதில் வந்தால், அவரைத் தனியே விடாமல் உடனிருந்து, வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் செய்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இலங்கையில் 1995-இல் தொடங்கி மிகக் கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதும், அடுத்த இருபதாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது குறைந்தது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான பூட்டறைகளில் வைக்கும் சோதனை நடந்தது. உழவர்கள் அதை ஏற்று நடத்தினர் என்பது விவசாய இலாகாவின் களப்பணியாளர்களுக்குப் பயன்படும் செய்தி.

இரவிலோ விடுமுறை நாளிலோ எவரும் அகப்படாதபோது, 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. இருபது மொழிகளில், நாளின் எல்லா நேரத்திலும், கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயருடன் நடைபெறுகிறது. பேசுபவர் முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் தொடர்பு பெறுவார். தேவையாயின் மருத்துவருக்கு மாற்றப்படுவார். பெயரைச் சொல்ல விரும்பாதவர் சொல்லாமலும் பேசலாம்.

ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பும் பணியாளர், 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று பொதுவாகக் கூறி விட்டுவிட்டால், அவர் போகமாட்டார். போனாலும், சீட்டு எழுதும் வரிசையில் நின்று, எந்தப் பிரிவு என்று உரக்கச் சொல்லக் கூசித் திரும்பிவிடுவார். மனநோய்ப் பிரிவு எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்கு நடைபெறுகிறது, கட்டடத்தின் எந்தப் பக்கம், எந்த அறை எண், எந்தப் பேருந்தில் செல்வது, பழைய மருந்துச் சீட்டுகளில் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்பவற்றை முன்னரே விசாரித்து, ஒரு சிறு தாளில் தாய்மொழியில் எழுதிக் கொடுப்பது நலம். முதல் முறை ஒருவர் உடன் செல்ல வேண்டும். அடுத்த முறை வரச் சொன்ன தேதியையும் அத்தாளிலேயே குறித்துக்கொண்டு, அத்தேதிக்கு முந்தின நாள் வீட்டுக்குச் சென்று நினைவூட்ட வேண்டும்.